வேன் பேசுமுன் தெரிந்து கொள்ளுங்கள்



தைப்பூசத்துக்குப் பத்துமலை, மாசிமகத்துக்கு மலாக்கா சன்னாசிமலை, இடையிடையே கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று தோட்டத்து வாழ்க்கையில் பயணத்துக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் கிராணியாரிடம் சொல்லி, துரையின் அனுமதி பெற்று, தோட்டத்து லாரியிலேயே பலகை போட்டு உட்கார்ந்து போய் வந்தார்கள். அந்த லாரிப் பயணங்களைக் கதை கதையாகச் சொல்லும் பாட்டிமார்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இப்பொழுது லாரியின் இடத்தை வேன் பிடித்துக் கொண்டது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, பட்டணத்தில் ஒருவரைப் பிடித்து, "ஒரு வேன் வேணும்" என்று சொல்லி முன்பணமும் கொடுத்து விடுகிறோம்.

சங்கடம் தொடங்குவது அந்த "ஒரு வேன்" என்ற சொல்லில்தான். நீங்கள் மனத்தில் நினைக்கும் வேன் வேறு; அவர் அனுப்பப் போகும் வேன் வேறாக இருக்கலாம். விடியற்காலை நான்கு மணிக்கு லயத்து வாசலில் வண்டி வந்து நிற்கும் போதுதான் உட்கார இடம் போதாது என்பது தெரிகிறது. சாமான் வைக்க இடமில்லை என்பதும், டோல் பணம் தனி என்பதும் அப்பொழுதுதான் தெரிகிறது. அந்த நேரத்தில் வேறு வண்டிக்கு எங்கே போவது? முகூர்த்த நேரம் காத்திருக்காது. "சரி, ஏறுங்க" என்று ஏறி விடுகிறோம். ஏறக் கூடாத வண்டியில் நம்மவர்கள் ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே, முன்பணம் கொடுக்கு முன்பே நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். வண்டியின் உடம்பு எப்படிப்பட்டது? எத்தனை இருக்கை? அதன் பத்திரங்கள் நம் பயணத்துக்குச் செல்லுமா? பேசிய வாடகைக்குள் என்னென்ன அடக்கம்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தகடா, கண்ணாடியா?

வேன்காரர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்று: பேனல் வேன், செமி பேனல், வின்டோ வேன்.

பேனல் வேன் என்பது பக்கமெல்லாம் தகடு அடித்த வேன். டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் இராது. ரொட்டி, மீன், காய்கறி, கடைச் சாமான் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டது. பின்புறம் வெறும் தரைதான். இருக்கை கிடையாது; இருக்கை இல்லாததால் இருக்கைப் பட்டையும் கிடையாது.

வின்டோ வேன் என்பது சுற்றிலும் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே வரிசை வரிசையாக இருக்கை போட்டது. ஆட்கள் செல்வதற்கு உரியது இதுதான்.

செமி பேனல் இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது. முன்பாதியில் கண்ணாடியும் ஒரு வரிசை இருக்கையும் இருக்கும். பின்பாதி தகடு அடித்துச் சாமானுக்கு விடப்பட்டிருக்கும். தட்டு முட்டுச் சாமானோடு மூன்று நான்கு பேர் வீடு மாறிப் போவதற்கு நல்ல வண்டி. கூட்டமாகப் போவதற்கு ஆகாது.

பல ஆண்டுகளாக நம் சாலைகளில் ஓடிய நிஸான் வெனட், இன்று பரவலாக ஓடும் டொயோட்டா ஹைஏஸ், நிஸான் உர்வான் ஆகியவை ஒரே பெயரில் பேனலாகவும் வருகின்றன, வின்டோவாகவும் வருகின்றன. ஆகவே "ஹைஏஸ் அனுப்புறேன்" என்று ஒருவர் சொன்னால் அது பாதிப் பதில்தான். "பேனலா, வின்டோவா?" என்று நீங்கள் கேட்க வேண்டும்.

சிலர், "பேனல்தான் இருக்கு, பாய் விரிச்சு உட்கார்ந்துக்கலாம், வாடகையும் குறைவு" என்பார்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகக் கூட இருக்கும். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். வண்டி திடீரென்று நின்றால் பாயில் உட்கார்ந்தவர் பிடித்துக் கொள்ள என்ன இருக்கிறது? உள்ளே இருப்பவர்கள் மூச்சு முட்டினாலும் ஜன்னலைத் திறக்க வழியில்லை. அதற்கும் மேலாக, சரக்கு ஏற்றப் பதிவான வண்டி அது. பின்னால் ஆள் ஏற்றிச் செல்வது சட்டத்துக்குப் புறம்பு. இடையில் போலீசாரோ ஜே.பி.ஜே. அதிகாரிகளோ நிறுத்தினால், நடுவழியில் பட்டுப் புடவையோடு இறங்கி நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

வேறு சில சொற்களும் காதில் விழும். ஹை ரூஃப் என்றால் உயர்ந்த கூரை; உள்ளே ஓரளவு நிமிர்ந்து நடக்கலாம், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு உதவும். எம்.பி.வி. என்றால் ஏழு பேர் அளவுக்கு உட்காரும் பெரிய கார். இன்னோவா, அல்ஸா, எக்ஸோரா எல்லாம் இந்த வகை. இரண்டு சிறிய குடும்பம் போவதற்கு வேனைக் காட்டிலும் இதுவே செலவு குறைவு. மினி பஸ் என்பது வேனைவிடப் பெரியது. இருபது பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வேன் பேசுவதற்கு முன் இதையும் விசாரித்துப் பாருங்கள்.

"பதினான்கு சீட்டர்" என்றால் எத்தனை பேர்?

பதினான்கு பேர் என்று சட்டென்று சொல்லி விடுவோம். அது தவறு. சீட்டர் கணக்கில் டிரைவரும் ஒருவர். டிரைவர் போக நமக்குக் கிடைப்பது 13 இடம். பன்னிரண்டு சீட்டர் என்றால் 11 இடம்.

அந்தப் பதின்மூன்றும் ஒரே மாதிரி இடமல்ல. சில வேன்களில் நடுவழியில் மடக்கி விரிக்கும் இருக்கை இருக்கும். எல்லாரும் ஏறிய பிறகு அதை விரித்துப் போடுவார்கள். அதில் உட்கார்ந்தவர் எழுந்தால்தான் பின்வரிசையில் இருப்பவர் இறங்க முடியும். வயதானவர்களையும், அடிக்கடி இறங்க வேண்டிய சர்க்கரை நோயாளிகளையும், கர்ப்பிணிப் பெண்களையும் கதவோரம் உட்கார வைப்பதற்கு முன்கூட்டியே திட்டம் செய்து கொள்ளுங்கள்.

அடுத்தது சாமான். பதினான்கு இருக்கையும் நிரம்பிய வேனில், கடைசி வரிசைக்குப் பின்னால் மிஞ்சும் இடம் மிகக் குறைவு. சீர்வரிசைத் தட்டு பதினொன்று, பழக்கூடை, மாலைப் பெட்டி, சோற்றுப் பானை, பிள்ளைகளின் மாற்றுத் துணி எல்லாம் எங்கே போகும்? நடுவழியிலும் காலடியிலும்தான் போகும். அவசரத்துக்குக் கதவைத் திறக்க முடியாமல் போகும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காவடிச் சட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சொல்லுங்கள். அது வேனுக்குள் போகாதென்றால் சாமானுக்கென்று தனியாக ஒரு பேனல் வேன் பேசுவதே முறை. அந்த வேலைக்கு அது சரியான வண்டி.

"சின்னப் பிள்ளைங்கதானே, மடியில் வச்சுக்கலாம்" என்பது நம் வழக்கம். மடியில் இருக்கும் பிள்ளையைத் தாயின் கை எவ்வளவு இறுகப் பிடித்தாலும், வண்டி மோதும் வேகத்தில் அந்தப் பிடி நிற்காது. கார்களில் பின்னால் உட்காருபவர்களும் பட்டை போட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நம் நாட்டில் சட்டம் வந்தது. வேன் பேசும்போதும் "எத்தனை சீட்டுக்கு பெல்ட் இருக்கு?" என்று கேளுங்கள். பட்டை உள்ள இடங்களை எண்ணி, பிள்ளைகளையும் சேர்த்துத் தலைகளை எண்ணுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போகவர வாடகை 650 வெள்ளி என்று வைத்துக் கொள்ளுங்கள். பதின்மூன்று பேர் பங்கிட்டால் தலைக்கு 50 வெள்ளி. அதே வேனில் பத்தொன்பது பேரை நெருக்கி ஏற்றினால் தலைக்குச் சுமார் 34 வெள்ளி. மிச்சமாவது 16 வெள்ளி. அந்த 16 வெள்ளிக்காக ஆறு பேர் இருக்கையும் பட்டையும் இல்லாமல் போகிறார்கள். பாரம் கூடிய வண்டியின் பிரேக்கும் டயரும் மற்ற பதின்மூன்று பேரையும் சேர்த்துத்தான் சோதிக்கும். கேமரன் மலை, கெந்திங் மலை போன்ற இறக்கங்களில் அந்தச் சோதனை கடுமையாக இருக்கும்.

டிரைவரோடா, நாமே ஓட்டுவதா?

வேன் வாடகை இரண்டு வகை. டிரைவரோடு எடுப்பது ஒன்று. வண்டியை மட்டும் எடுத்து நம்மவர் ஒருவர் ஓட்டிச் செல்வது மற்றொன்று. பின்னதை மலாயில் "செவா பாண்டு" என்பார்கள்.

நாமே ஓட்டுவதென்றால் முதலில் லைசென்சைப் பாருங்கள். டி வகுப்பு லைசென்ஸ் வைத்திருப்பவர் கியர் வண்டியும் ஓட்டலாம், ஆட்டோவும் ஓட்டலாம். டி.ஏ. என்று இருந்தால் ஆட்டோ மட்டுமே ஓட்டலாம். வாடகை வேன்களில் கியர் வண்டிகள் நிறைய உண்டு. டி.ஏ. லைசென்ஸ் வைத்திருக்கும் இளைஞர் கியர் வேனை ஓட்டினால், அந்த வண்டிக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். புதிதாக லைசென்ஸ் எடுத்து "பி" ஒட்டியிருப்பவருக்குப் பெரும்பாலான கடைகள் வேன் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் நீங்கள் ஒப்புக் கொள்ளாதீர்கள். கார் ஓட்டிப் பழகிய கைக்கு வேன் புதிது. அதன் நீளம் வேறு, நிற்கும் தூரம் வேறு, பின்னால் தெரியாத இடமும் அதிகம்.

அடுத்து, எக்செஸ் என்ற சொல். விபத்தில் வண்டி சேதமானால் இன்சூரன்ஸ் கொடுப்பதற்கு முன் நாம் கைப்பொறுப்பில் கட்ட வேண்டிய தொகைக்கு அந்தப் பெயர். சி.டி.டபிள்யூ. என்றால், கூடுதலாக ஒரு கட்டணம் கட்டி அந்தப் பொறுப்பைக் குறைத்துக் கொள்வது. "முழு இன்சூரன்ஸ் இருக்கு" என்ற பேச்சோடு நின்று விடாமல், "எக்செஸ் எவ்வளவு?" என்று கேட்டு அதை ஒப்பந்தத் தாளில் காட்டச் சொல்லுங்கள். யார் ஓட்டப் போகிறார்களோ அவர் பெயர் தாளில் இருக்க வேண்டும். இருவர் மாறி மாறி ஓட்டுவதென்றால் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல், எண்ணெய் அளவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் தெரிய வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது டெபாசிட் பணத்தில் கை வைக்காமல் காப்பாற்றுவது அந்தப் படங்கள்தாம்.

பெர்மிட்டும் பத்திரமும்

டிரைவரோடு வேன் எடுத்தால், கூலிக்கு ஆள் ஏற்றுவதற்கு அந்த வண்டிக்கு அனுமதி வேண்டும். தீபகற்ப மலேசியாவில் அந்த அனுமதியை வழங்குவது அப்பாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து முகவாண்மை. இதைத்தான் பேச்சுவழக்கில் பெர்மிட் என்கிறோம். டிரைவருக்கும் சாதாரண லைசென்சோடு பி.எஸ்.வி. என்னும் தொழில் லைசென்ஸ் வேண்டும். ஜி.டி.எல். என்பது சரக்கு வண்டி ஓட்டுபவருக்கு உரியது. "என்கிட்ட ஜி.டி.எல். இருக்கு, போதும்" என்று ஒருவர் சொன்னால், அது உங்களை ஏற்றிச் செல்வதற்குப் போதாது.

பெர்மிட் இல்லாமல் சொந்த வண்டியில் ஆள் ஏற்றிப் பணம் வாங்குவதற்கு "சாப்பு" என்று பெயர். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார், தெரிந்தவராக இருப்பார், வாடகையும் குறைவாகச் சொல்வார். நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் மனிதரின் நல்ல குணம் மருத்துவச் செலவுக்கு உதவாது. இந்நாட்டுச் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த இன்சூரன்சில், கூலிக்கு ஆள் ஏற்றும் பயணம் சேராது. "இந்தப் பயணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று கம்பெனி மறுப்பதற்கு அது இடம் கொடுத்து விடும். கை ஒடிந்தவர் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாது. இடுப்பில் அடிபட்டவர் செம்பனைக் குலை வெட்ட முடியாது. அவர் வீட்டு அடுப்பு எரிவது எப்படி? பெர்மிட் பற்றிக் கேட்பது அதிகாரிகளின் வேலை என்று நாம் விட்டு விடாமலிருக்கக் காரணம் இதுதான்.

மஞ்சள் நிறப் பள்ளி வேன் விடுமுறை நாட்களில் சும்மா நிற்கும். அதைப் பேசி எடுப்பதும் நம்மிடையே உண்டு. அதன் பெர்மிட் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கு வழங்கப்பட்டது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேனும் அவ்வாறே. "நம்ம பிள்ளைங்க தினமும் போற வேன்தானே" என்று எண்ணாமல், வெளியூர்ப் பயணத்துக்கு அந்தப் பெர்மிட்டும் இன்சூரன்சும் செல்லுமா என்று உரிமையாளரிடம் கேட்டு, தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பெர்மிட் இருப்பது மட்டும் போதாது. அது யார் பெயரில் இருக்கிறது, வண்டியை நடத்துவது யார் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அதிகாலை, பேராக் மாநிலம் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெர்மிட்டை வைத்திருந்த நிறுவனம் அதை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டது. அது பஸ், நாம் பேசுவது வேன். ஆனாலும் பெர்மிட் ஒருவர் பெயரில், பொறுப்பு வேறொருவர் கையில் என்று இருக்கும் இடத்தில், வண்டியைப் பழுது பார்ப்பதும் டிரைவரைக் கண்காணிப்பதும் யாருடைய வேலை என்பதே தெரியாமல் போய்விடும்.

வாடகைக்கு ஓடும் வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். "கடைசியா எப்போ இன்ஸ்பெக்ஷன் போனது?" என்று கேட்டால், ஒழுங்காக நடத்துபவர் உடனே தேதி சொல்லி விடுவார். சாலைவரியைச் சிலர் கைப்பேசியில் வைத்திருப்பார்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவுப் பத்திரத்தில் வண்டி எதற்குப் பதிவானது, எத்தனை இருக்கை என்பதெல்லாம் இருக்கும்.

வாடகைக்குள் எது அடக்கம்?

"போகவர அறுநூறு" என்று ஒருவர் சொன்னால், அந்த அறுநூறுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

முதலாவது எண்ணெய். தீபகற்பத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதன் பிறகு அது ஒரே விலையில் நிற்பதில்லை. வேன்களில் டீசல் வண்டிகள் பல. ஆகவே சென்ற ஆண்டு கொடுத்த வாடகையை நினைவில் வைத்து இந்த ஆண்டும் பேச முடியாது. ஒரு வழி 150 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்தால், போகவர 30 லிட்டர் ஆகும். அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்தால், அவர் சொல்லும் வாடகை நியாயமா என்பது ஓரளவு விளங்கும்.

இரண்டாவது டோல். நான்கு சக்கர வேனுக்குக் காரைப் போல முதல் வகுப்புக் கட்டணம். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டி என்றால் இரண்டாம் வகுப்பு, கட்டணம் கூடும். டோல் யார் பொறுப்பு, யாருடைய அட்டையில் கழியும் என்பதை முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள்.

மூன்றாவது நேரம். "முழு நாள்" என்பது ஒருவருக்குப் பத்து மணி நேரம், மற்றொருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஆனால் மணிக்கு இவ்வளவு ஓவர்டைம் என்று வைத்திருப்பார்கள். அந்த நேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். பட்டணத்தில் வண்டி புறப்பட்ட நேரமா, நம் லயத்தில் நாம் ஏறிய நேரமா? தோட்டம் உள்ளே தள்ளி இருந்தால் இதில் ஒரு மணி நேரம் கூடக் குறைய ஆகலாம். ஆளில்லாமல் வந்து போகும் அந்தக் காலி ஓட்டத்துக்குச் சிலர் தனியாகப் பணம் கேட்பதும் உண்டு.

நான்காவது பாதை. மழை பெய்தால் செம்மண் பாதை சேறாகி விடும். "உள்ளே வரமாட்டேன், மெயின் ரோட்டுக்கு வாங்க" என்று அதிகாலையில் டிரைவர் சொன்னால் பாட்டிமார்களும் சீர்த்தட்டும் இருட்டில் நடக்க வேண்டும். கேட் வரையிலா, கோயில் வரையிலா, லயத்து வாசல் வரையிலா என்பதை இடம் சொல்லிப் பேசுங்கள்.

ஐந்தாவது, இரவு தங்குவதென்றால் டிரைவருக்கு அறையும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பது. இதில் கணக்குப் பார்க்காதீர்கள். இரவு முழுவதும் வேனிலேயே கொசுக்கடியில் உறங்கிய டிரைவர்தான் மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு நெடுஞ்சாலையில் வரப்போகிறார்.

தொலைபேசியில் இப்படிப் பேசலாம்

கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள் நம்மில் பலர். கடுமையாகக் கேட்க வேண்டியதில்லை, பணிவாகவே கேட்கலாம்.

"அண்ணே, அடுத்த ஞாயிறு பத்துமலைக்கு ஒரு வேன் வேணும். பிள்ளைங்களோட சேர்த்துப் பதின்மூணு பேரு."

"இருக்குங்க, அனுப்பிடலாம்."

"வின்டோ வேன்தானேண்ணே? டிரைவரைச் சேர்த்து எத்தனை சீட்டு?"

"வின்டோதாங்க. டிரைவரோட பதினாலு."

"எல்லா சீட்டுக்கும் பெல்ட் இருக்கா? வெளியூர் போறதுக்குப் பெர்மிட் இருக்குல்ல? டிரைவருக்கு பி.எஸ்.வி. இருக்கா?"

"எல்லாம் இருக்குங்க."

"அப்படின்னா வண்டி நம்பரையும் பெர்மிட் படத்தையும் கொஞ்சம் அனுப்பி வைங்கண்ணே. எண்ணெய், டோல் எல்லாம் சேர்த்து எவ்வளவு? எத்தனை மணி நேரத்துக்கு? லயம் வரைக்கும் வந்திடுவாங்களா?"

இவ்வளவுதான். ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஒழுங்காகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "இதெல்லாம் எதுக்கு? நம்பிக்கை இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னால், அந்த யோசனையை அப்படியே ஏற்றுக் கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.

பேசி முடித்ததை ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி வாங்குங்கள். தேதி, புறப்படும் நேரம், ஏறும் இடம், போகும் இடம், வண்டி எண், இருக்கை எண்ணிக்கை, மொத்த வாடகை, கொடுத்த முன்பணம், மீதி, பயணம் நின்று போனால் முன்பணம் திரும்புமா என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கைப்பேசியில் செய்தியாக அனுப்பி "ஆம்" என்று பதில் வாங்கிக் கொண்டாலும் சரியே. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்து விடாதீர்கள்.

புறப்படும் காலையில்

வண்டி வந்ததும் எல்லாரும் ஒரேயடியாக ஏறி விடாமல், இளைஞர் ஒருவர் கைவிளக்கோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கட்டும். சொன்ன எண்தானா? டயரில் பள்ளம் தெரிகிறதா, வழுக்கையா? விளக்குகள் எரிகின்றனவா? பக்கவாட்டுக் கதவும் பின்கதவும் உள்ளிருந்து திறக்கின்றனவா? டிரைவரிடம் "ராத்திரி தூங்கினீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முந்திய இரவு முழுவதும் வேறு ஓட்டத்தில் இருந்து நேராக வந்தவர் என்றால், ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை; பசியாறி, முகம் கழுவி, சற்று ஓய்வெடுத்துப் புறப்படச் சொல்லுங்கள். களைப்பு தெளியவில்லை என்றால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லி முதலாளியை அழையுங்கள்.

பணம் போனால் எங்கே போவது?

முன்பணம் வாங்கியவர் வராமலே இருந்து விட்டார், அல்லது கண்ணாடி வேன் என்று சொல்லித் தகடு வேனை அனுப்பினார், பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால், தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். ஆனால் அங்கே வாய்ப்பேச்சு மட்டும் எடுபடாது. யாரிடம் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்பதற்கு ரசீதோ செய்தியோ வேண்டும். முன்பு சொன்ன அந்தத் துண்டுத் தாளுக்கு இங்கேதான் மதிப்பு வரும்.

தோட்டத்தில் வேன் பேசும் பொறுப்பு பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. கோயில் தலைவரோ, கல்யாண வீட்டுத் தாய்மாமனோ, நாலு எழுத்துப் படித்த பிள்ளையோ யாராவது ஒருவர் ஓடியாடிப் பேசி முடிக்கிறார். மற்றவர்கள் பணத்தைக் கொடுத்து விட்டு, "எல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்று இருந்து விடுகிறோம். இனி அவருக்குத் துணையாக இருங்கள். பதின்மூன்று இடத்துக்குப் பதினான்காவது ஆளாகச் சேர்ந்து கொள்ள ஆசைப்பட்டு அவரை நெருக்காதீர்கள். "பேனலா, வின்டோவா? பெர்மிட் பார்த்தீங்களா?" என்று நீங்களே அவரிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி, நாள்காட்டியின் பக்கத்தில் ஒட்டி வைத்துக் கொண்டால் அடுத்த பயணத்துக்கு உதவும்.